நியூ ஜெர்சியில் பல குடித்தன வீடு வாங்கிக் குடியேற: கடன் ஒப்புதலுக்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு, மூன்று அல்லது நான்கு குடித்தனங்கள் உள்ள வீட்டை வாங்கி, ஒன்றில் நீங்கள் குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விடுவதாக இருந்தால், அமெரிக்காவில் அதற்குச் சாதாரண வீட்டுக் கடனே கிடைக்கும். ஐந்து குடித்தனங்கள் ஆனால் அது வணிகக் கடன். அதன் விதிகள் முற்றிலும் வேறு.

குடியேறுபவருக்கும் முதலீட்டாளருக்கும் கடன் நிபந்தனைகளில் பெரிய இடைவெளி உண்டு. ஃபேனி மே (கடன் நிறுவனங்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) விதிகளின்படி, இப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கப் போகிறவர் 5 சதவீத முன்பணத்துடன் வாங்கலாம். இந்தச் சலுகை 2023 நவம்பரில் வந்தது. குடியிருக்காமல் வாடகைக்கு மட்டும் விடுகிறவர் 25 சதவீதம் போட வேண்டும். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான், நீங்கள் உண்மையில் குடியேறுவீர்களா என்பதைக் கடன் கொடுப்பவர் துருவித் துருவிப் பார்க்கிறார்.

வீட்டைப் பிடித்துவிட்டுப் பிறகு கடனைத் தேடுவதுதான் இந்த வழியில் வருபவர்கள் சறுக்கும் இடம். பல குடித்தன வீட்டில் உங்கள் சம்பளத்தோடு வீட்டின் வாடகைக் கணக்கும், காலியாக வரப்போகும் குடித்தனமும் சேர்ந்தே ஒப்புதலைத் தீர்மானிக்கின்றன. இவை இரண்டையும் விலை பேசும் முன்பே முடித்துவைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். ஜெர்சி சிட்டி, பேயோன், எலிசபெத், நியூவார்க் போன்ற ஊர்களில் இத்தகைய வீடுகள் நிறைய இருப்பதால் நியூ ஜெர்சியையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

1. குடியேறுவது உறுதியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எஃப்ஹெச்ஏ கடனும் (அரசின் வீட்டு வசதி அமைப்பு காப்பீடு தரும் கடன்) ஃபேனி மே, அதைப் போன்ற ஃபிரெடி மேக் வழிக் கடனும் கேட்பது ஒன்றையே: வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் இறுதிக் கையெழுத்திட்ட 60 நாட்களுக்குள் குடியேற வேண்டும், குறைந்தது ஓராண்டு அதையே முதன்மை இருப்பிடமாக வைத்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் உறுதிமொழிப் பகுதியில் முதல் கேள்வியே இதுதான்.

"எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு நம்மவர்களிடையே அடிக்கடி காதில் விழுகிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதுவது கூட்டரசுக் குற்றம். சட்டப்படி அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும். வழக்கு வரை போகாவிட்டாலும் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. விசாவில் இருப்பவருக்கோ குடியுரிமைக்குக் காத்திருப்பவருக்கோ இப்படியொரு பதிவு என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஓராண்டு முடிந்தபின் வாழ்க்கை மாறி வேறு வீட்டுக்குப் போவதில் தவறில்லை. கையெழுத்திடும் நாளில் குடியேறும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

2. உங்களுக்குப் பொருந்தும் கடன் வகையைத் தேர்ந்தெடுங்கள்

எஃப்ஹெச்ஏ கடனில் கிரெடிட் மதிப்பெண் (கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் எண்) 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5 சதவீத முன்பணம் போதும். 500 முதல் 579 வரை இருந்தால் 10 சதவீதம். விதி இப்படி இருந்தாலும், பல நிறுவனங்கள் தங்கள் அளவில் இன்னும் உயர்ந்த மதிப்பெண் கேட்கும். கடன் தொகையில் 1.75 சதவீதம் தொடக்கக் கடன் காப்பீட்டுக் கட்டணமாகச் சேரும்; நீங்கள் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவரைக் காக்கும் காப்பீடு இது. அதோடு மாதாந்தரக் காப்பீட்டுக் கட்டணமும் உண்டு. முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் அந்த மாதக் கட்டணம் கடன் முடியும்வரை போகாது.

விசாவில் இருப்பவர்கள் இங்கேயே நின்று கவனிக்க வேண்டும். 2025 மே 25 முதல், நிரந்தர வதிவுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கடன் கிடையாது. எச்-1பி விசாவில் இருப்பவரும் இதில் அடக்கம். அதற்கு முன் வாங்கிய நண்பரின் அனுபவத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். உங்களுக்கான வழி ஃபேனி மே அல்லது ஃபிரெடி மேக் வழிக் கடன். சட்டப்படி வசிப்பவர்களை அவை ஏற்கின்றன. விசா ஆவணங்களில் எதைக் கேட்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே உங்கள் விசா நிலையைச் சொல்லிவிடுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு விஏ கடன் உண்டு. நான்கு குடித்தனங்கள் வரை முன்பணமே இல்லாமல் வாங்க முடியும்.

கடன் உச்சவரம்பு மாவட்டத்துக்கும் குடித்தன எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும், ஆண்டுதோறும் திருத்தப்படும். ஹட்சன், எசெக்ஸ், மிடில்செக்ஸ் மாவட்டங்கள் நியூயார்க் பெருநகர வட்டாரத்தில் சேர்வதால் அவற்றுக்கு மிக உயர்ந்த வரம்பு: 2025இல் ஒரு குடித்தனத்துக்கு 12,09,750 டாலர், மூன்று குடித்தனங்களுக்கு 18,72,225 டாலர். ஆகவே இங்கே பெரும்பாலும் வரம்பு தடையாக இருப்பதில்லை. தடை வாடகைக் கணக்கில் வரும்.

3. காகிதங்களையும் பணத்தையும் ஒழுங்கு செய்யுங்கள்

இரண்டு ஆண்டு டபிள்யூ-2 படிவங்கள் (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), கடைசி 30 நாள் சம்பளச் சீட்டுகள், இரண்டு மாத வங்கிக் கணக்கு விவரங்கள், அடையாளமும் வதிவுரிமையும் காட்டும் ஆவணங்கள் அடிப்படைத் தேவை. ஏற்கெனவே வாடகை வருமானமோ சொந்தத் தொழிலோ இருந்தால் வரிக் கணக்கும் முழுமையாக வேண்டும். வங்கி விவரத்தில் கடைசிப் பக்கம் வெற்றுப் பக்கமாக இருந்தாலும் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் கேள்வி வரும், கேள்வி வந்தால் நாட்கள் போகும்.

இந்தியாவிலிருந்து பணம் வருவதாக இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். ஊரில் மனை விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், இந்திய வங்கிக் கணக்கு, டாலராக மாறி இங்கே வரவான விவரம் என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். இந்திய வங்கியில் வரிச் சான்றிதழ்களை முடித்துப் பணத்தை அனுப்பவே வாரக்கணக்கில் ஆகலாம். விலை பேசி முடித்தபின் இதைத் தொடங்கியவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

அன்பளிப்புப் பணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. எஃப்ஹெச்ஏ கடனில் முழு முன்பணத்தையும் பெற்றோரோ உடன்பிறந்தோரோ தரலாம். திருப்பிக் கேட்க மாட்டோம் என்று கடிதம் கொடுத்தால் போதும். ஃபேனி மே வழியில், முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவான பல குடித்தன வீட்டுக்கு, பொதுவாக முதல் 5 சதவீதம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்.

முன்பணத்துக்கும் செலவுகளுக்கும் அப்பால் சேமிப்பும் காட்ட வேண்டியிருக்கும். மூன்று, நான்கு குடித்தன வீட்டுக்கு எஃப்ஹெச்ஏ மூன்று மாதத் தவணை அளவு கேட்கிறது. மற்றக் கடன்களில் ஆறு மாதம் வரை கேட்பதுண்டு. வாடகைதாரர் ஒரு மாதம் தரத் தவறினாலும் தவணை நிற்கக் கூடாது என்பதே இதன் காரணம். நியாயமான கேள்விதான்.

4. முன் ஒப்புதல் கடிதத்தை வாடகைக் கணக்கோடு கேளுங்கள்

எவ்வளவு கடன் தரலாம் என்று கடன் நிறுவனம் முன்கூட்டியே எழுதித் தருவது முன் ஒப்புதல் கடிதம். பலர் வாங்கி வரும் கடிதம் ஒற்றைக் குடும்ப வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதைக் கொண்டு மூன்று குடித்தன வீட்டுக்கு விலை சொன்னால் பின்னால் எல்லாம் மாறும். "நான் குடியேறப் போகும் இரண்டு குடித்தன வீடு" அல்லது "மூன்று குடித்தன வீடு" என்று தெளிவாகச் சொல்லிக் கடிதத்தில் அதை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, வாடகையை உங்கள் வருமானத்தில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். நீங்கள் இருக்கப் போகும் குடித்தனத்தைத் தவிர மற்றவற்றின் வாடகையில் 75 சதவீதத்தைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். மீதி 25 காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் பராமரிப்புக்கும். மாதச் சம்பளம் 9,000 டாலர், மற்றக் குடித்தனத்தின் வாடகை 2,400 என்று வைத்துக்கொள்வோம். 1,800 சேர்ந்து வருமானம் 10,800 ஆகும். புதிய தவணையும் கார் கடனும் சேர்ந்து 5,000 என்றால் கடன் சுமை (வருமானத்தில் தவணைகளுக்குப் போகும் பங்கு) 46 சதவீதம். வாடகையைச் சேர்க்காவிட்டால் அதே சுமை 55 சதவீதத்தைத் தாண்டும். ஃபேனி மேயின் கணினி முறையில் உச்சவரம்பு 50 சதவீதம். வாடகை கணக்கில் ஏறுகிறதா என்பதைப் பொறுத்தே ஒப்புதலும் மறுப்பும்.

இங்கே புதியவர்கள் அறியாத ஒரு விதி இருக்கிறது. ஃபேனி மே வழியில், தற்போது நீங்கள் வாடகையோ வீட்டுத் தவணையோ எதுவும் கட்டாமல் பெற்றோர் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ இருந்தால், வாங்கப் போகும் வீட்டின் வாடகையை வருமானமாகக் காட்ட முடியாது. வாடகை கட்டுகிறீர்கள், ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டு நிர்வகித்த அனுபவம் ஓராண்டு இல்லை என்றால், புதிய வீட்டின் மாதத் தவணை அளவுக்கு மேல் வாடகையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பணம் மிச்சம் பிடிக்க உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இது பேரிடி. முன்பே தெரிந்தால் எஃப்ஹெச்ஏ பக்கம் போகலாம், அல்லது திட்டத்தை மாற்றலாம்.

இன்னொன்று, உடன் குடியிருக்காத தம்பியையோ மாமாவையோ துணைக் கடனாளியாகச் சேர்த்து வருமானத்தைக் கூட்டும் யோசனை. ஒற்றைக் குடும்ப வீட்டில் அது எளிது. எஃப்ஹெச்ஏ கடனில் இரண்டு முதல் நான்கு குடித்தன வீட்டுக்கு அப்படிச் செய்தால் கடன் வீட்டு விலையில் 75 சதவீதத்தைத் தாண்டாது. 3.5 சதவீத முன்பணம் அங்கேயே 25 ஆகிவிடும்.

முறையாக விண்ணப்பித்தபின் மூன்று வேலை நாட்களுக்குள் வட்டியும் கட்டணங்களும் அடங்கிய கடன் மதிப்பீட்டு அறிக்கை (Loan Estimate) கைக்கு வர வேண்டும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் வாங்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். வட்டியை மட்டும் பார்க்காமல் கட்டணங்களையும் பாருங்கள்.

5. மூன்று, நான்கு குடித்தனம் என்றால் தன்னிறைவுச் சோதனையை நீங்களே போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். எஃப்ஹெச்ஏ கடனில் மூன்று, நான்கு குடித்தன வீடு தன் வாடகையாலேயே தன் தவணையைத் தாங்க வேண்டும். உங்கள் சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சோதனையில் அது உதவாது. இரண்டு குடித்தன வீட்டுக்கு இந்தச் சோதனை இல்லை. ஃபேனி மே வழியிலும் இல்லை.

கணக்கு இப்படி: நீங்கள் குடியிருக்கப் போவது உட்பட எல்லாக் குடித்தனங்களுக்கும் மதிப்பீட்டாளர் (கடன் நிறுவனத்துக்காக வீட்டின் மதிப்பைக் கணிப்பவர்) குறிக்கும் சந்தை வாடகையைக் கூட்டுங்கள். அதிலிருந்து 25 சதவீதத்தையோ, காலி நாட்களுக்கும் பராமரிப்புக்கும் மதிப்பீட்டாளர் குறித்த தொகையையோ, எது அதிகமோ அதைக் கழியுங்கள். மீதித் தொகை, அசல், வட்டி, சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, கடன் காப்பீடு அனைத்தும் சேர்ந்த மாதத் தவணைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும்.

மூன்று குடித்தன வீடு, விலை 6 லட்சம் டாலர் என்று கொள்வோம். முன்பணம் 21,000. கடன் 5,79,000, தொடக்கக் கட்டணம் சேர்ந்து ஏறத்தாழ 5,89,130. 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு மாதம் சுமார் 3,724. கடன் காப்பீடு 265, சொத்து வரி 700, வீட்டுக் காப்பீடு 250. மொத்தம் 4,939 டாலர்.

ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சந்தை வாடகை 2,000 என்றால் மொத்தம் 6,000; அதில் 75 சதவீதம் 4,500. தேறவில்லை. தேற வேண்டுமானால் குடித்தனத்துக்கு ஏறக்குறைய 2,195 வாடகை வேண்டும், அல்லது கடனைச் சுமார் 61,000 குறைக்க வேண்டும். கையில் 21,000 வைத்துக்கொண்டு வந்தவர் 82,000 போட வேண்டிய நிலை.

நியூ ஜெர்சியில் சொத்து வரி நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதால் இந்தச் சோதனையில் பல வீடுகள் தோற்கின்றன. மேலே 700 என்று நான் போட்டிருப்பது பல ஊர்களுக்குக் குறைவான தொகை. விற்பவரின் விளம்பரத்தில் உள்ள வரியை நம்பாமல் நகராட்சியின் பதிவைப் பாருங்கள். வாடகைக்கும் விற்பனை முகவர் சொல்லும் "இவ்வளவு வாங்கலாம்" என்ற தொகையை எடுக்காதீர்கள். அதே தெருவில், அதே அளவு வீடு உண்மையில் என்ன வாடகைக்குப் போகிறது என்பதைத்தான் மதிப்பீட்டாளர் பார்ப்பார். கணக்கு விளிம்பில் நின்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், அல்லது இரண்டு குடித்தன வீட்டைத் தேடுங்கள். முதல்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை இரண்டு குடித்தனம்தான்.

6. குடித்தன எண்ணிக்கை சட்டப்படி சரியா என்று பாருங்கள்

அடித்தளத்தில் ஒரு சமையலறையும் குளியலறையும் போட்டு வாடகைக்கு விட்டுவிட்டு "மூன்று குடித்தனம்" என்று விற்பவர்கள் உண்டு. நகராட்சிப் பதிவில் அது இரண்டாக இருந்தால், அந்த அடித்தள வாடகையை நம்பிப் போட்ட கணக்கு சரியும். நகராட்சியின் கட்டட அலுவலகத்திலும் நிலப் பயன்பாட்டு (zoning) அலுவலகத்திலும் பதிவை நேரே கேட்டுவாங்குங்கள்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடித்தனங்கள் என்றால் நியூ ஜெர்சி சட்டத்தில் அது பலகுடியிருப்புக் கட்டடம். மாநில அரசில் பதிவும் ஆய்வுச் சான்றிதழும் வேண்டும். விற்பவரிடம் சான்றிதழையும், ஆய்வில் எழுதப்பட்ட குறைகள் தீர்க்கப்பட்டதற்கான ஆதாரத்தையும் கேளுங்கள். தீராத குறைகள் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும்.

7. காலிக் குடித்தனத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

60 நாட்களில் குடியேற ஓர் இடம் காலியாக இருந்தாக வேண்டும். எல்லாக் குடித்தனங்களிலும் ஆட்கள் இருக்கும் வீட்டை வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நியூ ஜெர்சியில் நடக்காது. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் தொடரும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது.

அந்தக் காரணங்களில் ஒன்று உங்களுக்குப் பயன்படும். மூன்று அல்லது அதற்குக் குறைவான குடித்தனங்கள் உள்ள வீட்டில், வாங்குபவர் தானே குடியிருக்க விரும்பினால், அந்தக் குடித்தனம் காலியாகத் தரப்பட வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், விற்பவர் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தக் காலம் பாக்கி இருந்தால் அது முடியும்வரை பொறுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால் விற்பவருக்கு இந்த வழியே இல்லை. நான்கு குடித்தன வீட்டுக்கு இந்த விதி பொருந்தாது; அங்கே ஏற்கெனவே காலியாக இருக்கும் குடித்தனத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

முகவர் தயாரித்த விற்பனை ஒப்பந்தத்தில் வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட்டபின் மூன்று வேலை நாட்கள் வழக்கறிஞர் பார்வைக்கு உண்டு. நான்கு குடித்தனம் வரையுள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். அந்த நாட்களில் உங்கள் வழக்கறிஞர் சேர்க்க வேண்டியவை: எந்தக் குடித்தனம், எந்தத் தேதிக்குள் காலி, காலியாகாவிட்டால் இறுதிக் கையெழுத்துத் தள்ளிப்போகும் அல்லது முன்தொகை திரும்பும், கடன் கிடைக்காவிட்டால் விலகும் உரிமை. மற்ற வாடகைதாரர்களிடமிருந்து வாடகை எவ்வளவு, வைப்புத்தொகை எவ்வளவு, பாக்கி உண்டா என்று கையெழுத்திட்ட உறுதிச்சான்றும் வாங்கச் சொல்லுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன வாடகைக்கும் அந்தத் தாளில் வரும் வாடகைக்கும் சில நேரம் நூற்றுக்கணக்கான டாலர் வேறுபாடு இருக்கும்.

வாடகைதாரர் வீட்டில் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறவர்களாக இருக்கலாம். காலி செய்வதற்கான தேதியை அவர்களோடு மரியாதையாகப் பேசி முடிவுசெய்யும் விற்பவரைத் தேடுங்கள். சண்டையோடு காலியாகும் வீட்டில் தேதி எப்போதும் தவறும்.

8. மதிப்பீடு நடக்கும் நாளில் எல்லாக் கதவும் திறக்க வேண்டும்

இரண்டு முதல் நான்கு குடித்தன வீட்டுக்குத் தனி மதிப்பீட்டுப் படிவம் உண்டு, எண் 1025. விலையையும் வாடகையையும் அதே அறிக்கை சொல்லும். மதிப்பீட்டாளர் எல்லாக் குடித்தனத்துக்குள்ளும் போக வேண்டும். ஒருவர் கதவைத் திறக்காவிட்டால் மறுபடியும் ஒரு நாள், மறுபடியும் கட்டணம்.

எஃப்ஹெச்ஏ என்றால் பாதுகாப்பும் பார்க்கப்படும்: 1978க்கு முன் கட்டிய வீட்டில் உரியும் பெயின்ட், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, வேலை செய்யாத வெப்பமூட்டி. இவற்றைச் சரிசெய்த பிறகே கடன் நகரும். வீட்டைப் பார்க்கப் போகும்போதே இவற்றைக் குறித்துக்கொண்டு, யார் செலவில் சரிசெய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

9. குடியேறும் காரணத்தை முன்கூட்டியே எழுதிவையுங்கள்

கடனை ஆராயும் அலுவலர் உங்கள் தாள்களை வைத்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்: இந்தக் குடும்பம் இந்த வீட்டில் வாழுமா? எடிசனில் நான்கு படுக்கையறை வீடு சொந்தமாக வைத்திருப்பவர் நியூவார்க்கில் இரண்டு படுக்கையறைக் குடித்தனத்துக்கு மாறுகிறார் என்றால் சந்தேகம் வருவது இயல்பு. அலுவலகம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும், குடும்பத்தில் ஐந்து பேர் இருந்து குடித்தனத்தில் ஒரே அறை இருந்தாலும் அதே சந்தேகம்.

பதில் உண்மையாக இருந்தால் ஒரு பக்கக் கடிதம் போதும். வேலை இடம் மாறியது என்றால் அலுவலகக் கடிதம், இப்போதைய வாடகை வீட்டின் ஒப்பந்தம் முடிகிறது என்றால் அந்த ஒப்பந்தம், பழைய சொந்த வீட்டை விற்கிறீர்கள் அல்லது வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் அதற்கான தாள். கேட்கும்வரை காத்திராமல் விண்ணப்பத்தோடே கொடுங்கள். வீட்டுக் காப்பீடும் உரிமையாளர் குடியிருக்கும் வகையில் எடுக்கப்பட வேண்டும். "வாடகைக்கு மட்டும்" என்று காப்பீட்டுத் தாளில் இருந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

10. நிபந்தனை ஒப்புதலிலிருந்து கையெழுத்து வரை அசையாதீர்கள்

இன்னும் சில தாள்களைக் கேட்டு, நிபந்தனையோடு ஒப்புதல் வந்ததும் கொண்டாடிப் புது கார் வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையெழுத்துக்கு முந்தைய 10 வேலை நாட்களுக்குள் உங்கள் வேலை மீண்டும் சரிபார்க்கப்படும்; கிரெடிட்டும் மறுபடி பார்க்கப்படலாம். வேலை மாற்றம், புதிய கடன் அட்டை, தவணையில் மரச்சாமான், பெரிய பணப் பரிமாற்றம் எல்லாம் பிறகு.

இறுதிச் செலவு அறிக்கை கையெழுத்துக்கு மூன்று வேலை நாட்கள் முன்பு வர வேண்டும். அதில் வாடகைதாரர்களின் வைப்புத்தொகையும், அந்த மாத வாடகையில் உங்கள் பங்கும் உங்களுக்கு வரவாகியிருக்கிறதா பாருங்கள். நியூ ஜெர்சியில் வைப்புத்தொகை ஒன்றரை மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. விற்பவர் அதைப் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். விற்பவர் தராமல் போனாலும் வாடகைதாரர் கேட்கப் போவது உங்களிடம்தான்.

கையெழுத்துக்கு முந்தைய இறுதிப் பார்வையில் உங்கள் குடித்தனம் உண்மையில் காலியாக இருக்கிறதா என்று உள்ளே நடந்து பாருங்கள். பெட்டிகள் கட்டப்பட்டு வாசலில் நின்றால் அது காலி இல்லை. அன்று கையெழுத்திடாதீர்கள்.

11. குடியேறியதற்கு ஆதாரம் சேருங்கள்

60 நாட்களுக்குள் குடியேறி, மின்சாரம், எரிவாயு, இணைய இணைப்புகளை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நியூ ஜெர்சியில் ஓட்டுநர் உரிமத்தின் முகவரியை மாற்றிய விவரத்தை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதை அப்படியே செய்யுங்கள். வரிக் கணக்கு, வங்கி, குழந்தைகளின் பள்ளி எல்லாவற்றிலும் புதிய முகவரி இருக்கட்டும். கடன் நிறுவனம் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ சரிபார்க்கலாம்.

ஓராண்டுக்குள் வேலை மாற்றம் போன்ற எதிர்பாராத காரணத்தால் போக நேர்ந்தால், போகும் முன்பே கடனை வசூலிக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, புதிய வேலைக் கடிதத்தையும் இணையுங்கள். அந்தக் கடிதங்களையும் பதிலையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.